ஐந்தாம் மாதத்துச் செங்கீரை

எங்கள் வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கு வரும் அன்பர்கள் சிலர், பிள்ளைத்தமிழுக்குப் பொருள் சொல்லும்போது நான் ஏன் செங்கீரைப் பருவத்தை மட்டும் தாண்டிப் போய்விடுகிறேன் என்று கேட்டு வருகிறார்கள். வாயால் சொல்லத் துணிவு வரவில்லை, ஆகவே எழுதுகிறேன். கைக்குழந்தை உள்ள வீட்டார் யாரேனும் இதைப் படித்துவிட்டுத் தங்கள் குழந்தையை ஒருமுறை தரையில் விட்டுப் பார்ப்பார்களானால், எழுதியதன் பயன் அதுவே.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளைத்தமிழ் என்பது தெய்வத்தைக் குழந்தையாக்கிப் பாடும் பாடல் வகை. குழந்தை வளர்வதைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பருவத்துக்குப் பத்துப் பாடல் பாடுவார்கள். மூன்றாம் மாதம், குழந்தையைக் காக்கத் தெய்வங்களை வேண்டும் காப்பு. ஐந்தாம் மாதம் செங்கீரை. குழந்தை குப்புறக் கிடந்து, இரு கைகளையும் தரையில் ஊன்றி, ஒரு காலை மடக்கி மறு காலை நீட்டி, தலையை நிமிர்த்தி இப்புறமும் அப்புறமும் அசைந்தாடும் காலம் அது. காற்றில் கீரைத்தண்டு ஆடுவது போல என்று பொருள் சொல்வோம். ஒன்பதாம் மாதம் கைகொட்டும் சப்பாணி. ஓராண்டு நிறையும்போது தளர்நடையிட்டு வரும் வருகை. கடலூரில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அலுவலகம் போக எஞ்சிய காலமெல்லாம், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், இந்தப் பாடல்களிலேயே கழிந்தது. எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்யும் என்று உறக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஒரு குழந்தையை அருகிருந்து பார்த்துச் சொன்னேனா என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

என் மகன் குமரனுக்கும் மருமகள் செல்விக்கும் ஆறாண்டுக் காத்திருப்புக்குப் பின், இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு ஆடி மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. சிவகாமி என்று பெயரிட்டேன். வீட்டில் அம்மு.

அம்மு அழமாட்டாள். பசித்தாலும் ஒரு சிணுங்கலோடு சரி. பால் குடித்ததும் உறங்கிவிடுவாள். நாங்கள் எழுப்பினால்தான் விழிப்பாள். தூளியில் எப்படிக் கிடத்தினோமோ அப்படியே கிடப்பாள். நாக்கின் நுனி சற்று வெளியே தெரியும். கடலூர்ச் செம்மண்டலத்தில் எங்கள் தெருவில் பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "தாத்தா மாதிரியே சாந்தம்" என்றார்கள். நான் அதற்கும் ஒரு படி மேலே போய், இது முற்பிறவியில் தவமிருந்த உயிர் என்றேன். சொல்லும்போதெல்லாம் உள்ளூரப் பெருமையாக இருந்தது.

நாலாம் மாதத்தில் ஒருநாள் செல்வி என்னிடம் வந்து நின்றாள்.

"மாமா, பாப்பாவுக்கு இன்னும் தல நிக்கல. எதுத்த வூட்டுப் புள்ள இவளவிடப் பத்து நாள் சின்னது, கவுந்துடுச்சு. ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடட்டுமா?"

"துறுதுறுன்னு இருக்குற புள்ள எல்லார் வூட்லயும் பொறக்கும்மா. இந்த மாதிரி அமைதி அமையாது. மார்கழி பொறக்கட்டும். அஞ்சாம் மாசம் செங்கீரை பாடுவோம், தானா ஆடுவா" என்றேன்.

இருபது நாள் கழித்து மறுபடியும் கேட்டாள். மறுபடியும் அதையே சொன்னேன். குமரன், "அப்பா சொன்னா சரியாதான் இருக்கும்" என்று தான் வேலை பார்க்கும் ஆலைக்குக் கிளம்பிவிட்டான். இரண்டு முறை கேட்டாள், இரண்டு முறை தடுத்தேன் என்பதை இங்கே மறைக்காமல் பதிகிறேன்.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை. வழிபாட்டு அன்பர்கள் பன்னிருவர் எங்கள் கூடத்தில் அமர்ந்திருந்தார்கள். நடுவில் கோரைப்பாய். அம்முவுக்குப் பட்டுப் பாவாடை உடுத்தி, நெற்றியில் நீறிட்டு, நானே பாயில் குப்புறக் கிடத்தினேன். குழந்தை குப்புற விழுந்தால் கொழுக்கட்டை செய்து பகிர்வது எங்கள் வீட்டு வழக்கம். தானாக விழாத குழந்தையை நாங்களே குப்புறக் கிடத்திக் கொழுக்கட்டையும் வேகவைத்திருந்தோம். நான் கைத்தாளத்தைத் தட்டினேன். செங்கீரை ஆட அழைக்கும் பாடல்களைத் தொடங்கினோம்.

மூன்றாம் பாட்டில் எனக்குக் கண் மூடிவிட்டது. குரல்கள் ஒன்றாகக் கூடி வந்தன. அப்போது அடுக்களை வாசலிலிருந்து செல்வி பாய்ந்து வந்த காலடியோசை கேட்டுக் கண் திறந்தேன். பன்னிருவர் நடுவே பாயைத் தாண்டி வந்து குழந்தையை வாரி எடுத்தாள். அம்முவின் மூக்கும் வாயும் பாயில் அழுந்திக் கிடந்திருக்கின்றன. தலையைத் தூக்கவோ ஒருபக்கம் திருப்பவோ அவளால் இயலவில்லை, கத்தவும் இல்லை. உதடு நீலம் பூத்திருந்தது. கன்னத்தில் கோரைப்பாயின் வரிகள் பதிந்திருந்தன. செல்வி முதுகைத் தட்டித் தட்டி மூச்சை மீட்டாள். எங்களில் ஒருவருக்கும் அவள் மூச்சடைத்துக் கிடந்தது தெரியவில்லை. நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம்.

அந்தக் கொழுக்கட்டையை யாரும் தொடவில்லை.

மறுநாள் காலை கடலூரில் குழந்தை மருத்துவர் ஒருவர் பார்த்தார். உடம்பு சில்லென்று இருக்கிறது, நாடி மெதுவாக அடிக்கிறது, நெஞ்சில் சளியும் கட்டியிருக்கிறது, தாமதிக்காமல் சிதம்பரம் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். குமரனும் செல்வியும் நானும் பேருந்தில் ஏறினோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஊர்கள் போய்க்கொண்டே இருந்தன. மார்கழித் திருவாதிரை நெருங்கும் நாள். வண்டி நிறையக் கூத்தனைக் காணப் போகும் அடியார்கள். ஆண்டுதோறும் நானும் அவர்களில் ஒருவன். அன்று ஒருவர் என் திருநீற்றைப் பார்த்து, "தரிசனத்துக்கா?" என்று கேட்டார். தலையை ஆட்டிவைத்தேன். ஆமென்றா இல்லையென்றா என்று எனக்கே தெரியாது.

மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் பார்த்தார். நடுத்தர வயது, நிதானமான குரல். குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, இரு கைகளையும் பிடித்து மெல்லத் தம் பக்கம் இழுத்தார். உடல் எழுந்து வந்தது. தலை மட்டும், காம்பில் துவண்ட மொட்டைப் போலப் பின்னால் தொங்கியது. ஐந்து மாதக் குழந்தைக்குத் தலை உடம்போடு சேர்ந்து வரவேண்டுமாம். பிறகு கேள்விகள் தொடங்கின.

"வெளிக்குப் போறது எப்படி?"

"நாலு நாளைக்கு ஒருக்கா டாக்டர்" என்றாள் செல்வி.

"தூக்கம்?"

நான் முந்திக்கொண்டேன். "தூக்கத்துக்குக் குறைவே இல்லம்மா. ராத்திரில ஒருநாள் எங்கள எழுப்பினது கெடையாது."

எழுதிக்கொண்டார். "அழுகை?"

"அழவே மாட்டா. அழுதாலும் மெல்லிசாக் கரகரன்னு. பக்கத்து வூட்டுக்குக் கேக்காது."

அதையும் எழுதினார். பிறந்தபோது வந்த மஞ்சள் காமாலை எத்தனை நாள் இருந்தது என்று கேட்டார். ஒரு மாதத்துக்கு மேல் என்றாள் செல்வி. கை கால் குளிர்ந்திருக்குமா என்றார்.

"ஆமாம்மா. சந்தனம் மாதிரிக் குளுமை" என்றேன்.

அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "பெரியவரே, நீங்க நல்ல புள்ளன்னு சொல்றீங்க பாருங்க, அது அத்தனையும் நோயோட அடையாளம்."

என் வாழ்நாளில் என் சொற்களை அவ்வளவு கவனமாக யாரும் எழுதிக்கொண்டதில்லை. அவ்வளவு அச்சமும் எனக்கு எந்தச் சொல்லாலும் நேர்ந்ததில்லை.

அன்றே சேர்த்துக்கொண்டார்கள். குழந்தைகள் வார்டில் தாய் மட்டும் தங்கலாம். மற்றவர்களுக்கு வெளியே நீண்ட வராந்தா. குமரன் விடுப்பு முடிந்து மறுநாள் கடலூருக்குப் போனான். சோதனைகளுக்குக் கூப்பிடும்போது குழந்தையைத் தூக்கிச் செல்லும் வேலை எனக்கு வாய்த்தது. தலையை ஸ்கேன் எடுத்தார்கள், இதயத்தை எக்கோ என்னும் கருவியால் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். முழங்காலை எக்ஸ்ரே எடுத்தது எதற்கென்று விளங்கவில்லை. படம் பிடித்தவரிடம் கேட்டேன். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு முழங்கால் மூட்டருகே அரிசிமணி போல் ஓர் எலும்புப் புள்ளி தெரியும், உங்கள் பேத்திக்கு அது இன்னும் வரவில்லை என்றார். ஐந்து மாதமாகத் தாலாட்டி வளர்த்தும், எலும்பின் கணக்கில் அவள் பிறந்த நாளைக்கூட எட்டவில்லை.

வராந்தாவில் அஞ்சலை என்றொரு அம்மாள் இருந்தார். புவனகிரிப் பக்கம். காய்ச்சலில் கிடந்த அண்ணன் மகனுக்குக் கஞ்சி கொண்டுவருபவர். நான் தூணோரம் நின்று வாய்விட்டு ஓதிக்கொண்டிருந்தபோது அருகே வந்தார்.

"ஐயா, சாமிக்குக் காது நல்லா கேக்கும். நர்சம்மாவுக்கும் நல்லா கேக்கும். கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க, இல்லன்னா என்னையும் சேத்து வெளிய தொரத்திடுவாங்க."

மனத்துக்குள் ஓதத் தொடங்கினேன். மனத்துக்குள் ஓதினால் சொற்களுக்கிடையே செல்வியின் குரல் புகுந்துவிடுகிறது. அவள் முதன்முறை கேட்ட நாளிலிருந்து மருத்துவமனைக்கு வந்த நாள்வரை எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டு நாள்.

ரத்தச் சோதனை முடிவு வந்ததும் மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். தொண்டைக்குமுன் வண்ணத்துப்பூச்சி வடிவில் தைராய்டு என்ற சுரப்பி உண்டு. அதில் ஊறும் நீர்தான் உடல் சூடாக இருக்கவும், குடல் அசையவும், எலும்பு வளரவும், தசை முறுக்கேறவும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் மூன்று ஆண்டுகளில் மூளை விரியவும் அதுவே வேண்டும். அம்முவுக்கு அந்தச் சுரப்பி பிறவியிலேயே சரியாக உருவாகவில்லை. பிறந்த சில நாளில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமாம். அந்நாளில் எங்கள் பக்கத்தில் அது வழக்கமில்லை.

"மருந்து?" என்றேன்.

"ஒரு சின்ன மாத்திர. பொடி பண்ணித் தாய்ப்பால்ல கொழச்சு, காலைல வெறும் வயித்துல. ஒருநாளும் தவறக் கூடாது. ஆயுசு முழுக்க."

"குணமாயிடுவாளா டாக்டர்?" என்றாள் செல்வி.

"உடம்பு வந்துடும்மா. கழுத்து நிக்கும், உக்காருவா, நடப்பா. லேட்டா வரும், ஆனா வரும். மூள வேற கணக்கு. பொறந்த ரெண்டு மூணு வாரத்துலயே ஆரம்பிச்சிருந்தா இவ்வளவு பயம் இல்ல. அஞ்சு மாசம் போயிடுச்சு. அதுல எவ்வளவு போச்சு, எவ்வளவு மீதின்னு இப்ப யாராலயும் சொல்ல முடியாது. பேசுற வயசு வரட்டும், ரெண்டு வார்த்த சேத்துப் பேசறாளான்னு பாப்போம்."

வெளியே வந்து வராந்தாவில் நடந்தோம். செல்வி குழந்தையைத் தோளில் சாய்த்து, ஒரு கையால் தலையைத் தாங்கியிருந்தாள். சற்றுத் தூரம் போனபின் முன்னால் பார்த்தபடியே சொன்னாள்.

"நான் ரெண்டு தடவ கேட்டேன் மாமா."

அவ்வளவுதான். அதற்குமுன் அவள் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை, அப்போதும் உயர்த்தவில்லை. அரை மணி கழித்து, ஒன்றும் நடவாதது போல எனக்கு ஒரு டம்ளர் காப்பி வாங்கி வந்து கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அதைக் குடிக்க நெடுநேரமாயிற்று.

மாத்திரை தொடங்கி, நெஞ்சுச் சளியும் ஓரளவு இறங்கிய பிறகு, அசைவுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நீள அறை, தரையில் ரப்பர் பாய், சுவரில் தாழ்வாக ஒரு கண்ணாடி. பயிற்சியாளர் ஸ்டெல்லா, கடலூர் முதுநகர்ப் பெண், முப்பது வயதிருக்கும். குழந்தையை ஒருமுறை தொட்டுத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"முழுநேரமும் தூளியிலயா?"

"தூளி, இல்லன்னா மடி" என்றாள் செல்வி. "கீழ வுட்டதே இல்லக்கா. ஆறு வருசம் கழிச்சுப் பொறந்தவ."

"அதான். தூளி நாலு பக்கமும் இவளப் புடிச்சிக்குது, இவளுக்கு ஒரு வேலையும் வெக்கல. மாத்திர உள்ள தெம்பு குடுக்கும். அந்தத் தெம்ப எங்க போட்டுப் பழகறது? இனிமே தூங்க மட்டும்தான் தூளி, அதுவும் மல்லாக்கத்தான். முழிச்சிருந்தா தரை. குப்புறப் போட்டா கண்ண எடுக்காம ஒரு ஆள் பக்கத்துல இருக்கணும்."

அந்தக் கடைசிச் சொல்லில் செல்வி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் தகும்.

ஸ்டெல்லா ஒரு துண்டைச் சுருட்டி அம்முவின் நெஞ்சுக்கடியில், அக்குள் வரை வைத்தார். முழங்கைகளை முன்னால் கொண்டுவந்து ஊன்றிப் பிடித்துக்கொண்டார். இடுப்பைச் செல்வி லேசாக அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்படி அழுத்தினால் பாரம் பின்னால் போய்த் தலை எழ எளிதாகுமாம். தலை எழவில்லை. துண்டின்மேல் கன்னத்தைச் சாய்த்துக் கிடந்தாள்.

"மேல பாக்க இவளுக்கு ஒரு காரணம் வேணும்" என்றார் ஸ்டெல்லா. "நாங்க ரெண்டு பேரும் கைய எடுக்க முடியாது. ஐயா, நீங்க முன்னாடி வாங்க."

போய் எதிரே சம்மணமிட்டு அமர்ந்தேன்.

"உக்காந்தா இவளுக்கு உங்க முட்டிதான் தெரியும். படுங்க."

"படுக்கணுமா?"

"குப்புறப் படுங்க. இவ மூஞ்சிக்கு நேரா உங்க மூஞ்சி வரணும். வேட்டியப் பத்திக் கவலப்படாதீங்க, தினமும் துடைக்கிறோம்."

அறுபத்தெட்டு வயதில், அயலார் நால்வர் பார்க்க, மருத்துவமனைத் தரையில் குப்புறப் படுத்தேன். கொடிமரத்தின்முன் எத்தனையோ முறை வீழ்ந்து வணங்கியிருக்கிறேன். அங்கே முகம் மண்ணில் படும். அதோடு கடமை முடியும். இங்கே முழங்கையை ஊன்றித் தலையை நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் பிடரி வலித்தது. இரண்டு நிமிடத்தில் தோள் நடுங்கியது. செங்கீரைக்கு நாற்பதாண்டுகளாகப் பொருள் சொன்ன என் உடம்புக்கு அன்றுதான் செங்கீரை என்னவென்று தெரிந்தது. எனக்கே இத்தனை பாரம் என்றால் அவளுக்கு எவ்வளவு.

பையில் தாளம் இருந்தது. எடுத்து அவள் இடக்காதருகே மெல்லத் தட்டினேன். விழி இடப்பக்கம் போயிற்று. தலை வரவில்லை, விழி வந்தது.

"காது கேக்குது" என்றார் ஸ்டெல்லா. அந்த அச்சமும் ஒன்று இருந்தது என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

திருவாதிரை நாளும் வந்தது. ஆருத்திரா தரிசனம் பிற்பகலில். வராந்தா ஏறக்குறையக் காலியாகிவிட்டது. அஞ்சலை புதுப்புடவை கட்டி வந்து நின்றார்.

"ஊரே அங்க ஓடுது. வருசா வருசம் வருவேன்னு சொன்னீங்களே ஐயா, கெளம்பலயா?"

"மூணு மணிக்குப் பாப்பாவுக்குப் பயிற்சிம்மா."

"ஒரு நாள் வுட்டா என்ன?"

"விட்டுத்தான் இங்க வந்திருக்கோம்."

அவர் போய், மாலையில் திரும்பி, எனக்கென்று திருநீறு கொண்டுவந்து கொடுத்தார். மூன்று மணிக்கு நான் ரப்பர் பாயில் குப்புறக் கிடந்தேன். கீழவீதிப் பக்கமிருந்து முழவும் சங்கும் காற்றில் வந்து வந்து போயின. அங்கே தூக்கிய திருவடி. இங்கே எழாத ஒரு சிறுதலை. இன்றாவது என்று மனம் பேராசைப்பட்டது. அன்றும் அவள் தூக்கவில்லை.

மாத்திரை தொடங்கிய பத்தாம் நாள் வேறொன்று நடந்தது. ரத்தம் எடுக்க ஊசியைக் குத்தியதும் அம்மு அழுதாள். கரகரப்பாக அல்ல, வார்டு முழுதும் கேட்க, முகம் சிவந்து, காலை உதைத்து அழுதாள். பசியாறிய பின்னும் நிறுத்தவில்லை. செல்வி குழந்தையோடு வாசலுக்கு வந்து நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் கண்ணிலும் நீர்.

அஞ்சலை காதைப் பொத்திக்கொண்டார். "ஏன் ஐயா, தவம் பண்ண புள்ளன்னீங்க. இது சந்தைக்கு வந்த புள்ளயால்ல இருக்குது."

அவ்வளவு இனிய பழிப்பை நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்தோம். கூடத்து நாற்காலிகளைக் குமரன் மாடிக்கு ஏற்றிவிட்டான். தூளியை அவிழ்த்து, உறங்கும் வேளைக்கு மட்டும் கட்டினாள் செல்வி. காலை மாத்திரைக்கு அலாரம்; அரை மணி கழித்துப் பால். நாளொன்றுக்கு நான்கு வேளை, பால் செரித்தபின், சுருட்டிய துண்டு, எதிரே நான். முதலில் இரண்டு நிமிடம், பிறகு ஐந்து. சிணுங்கினால் புரட்டி மல்லாக்கிக் கொஞ்ச வேண்டும். தண்டனை போலாகிவிடக் கூடாது என்று ஸ்டெல்லா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். குமரன் ஆலையிலிருந்து வந்ததும் என் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவான். செங்கீரை எங்கள் வீட்டில் பாடப்படவில்லை. அன்பர்கள் கேட்டார்கள். அவள் ஆடாமல் நான் பாடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஏழாம் மாதத்தில் கழுத்து நின்றது. ஒன்பதாம் மாதத்தில் தானே புரண்டாள். இம்முறை விழுந்தபின்தான் கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்தாள் செல்வி. ஒவ்வொன்றும் வரும்போது மகிழ்ச்சி ஒரு நாள் நிற்கும். மறுநாள் அச்சம் பழைய இடத்துக்கு வந்துவிடும். கழுத்து நிற்கும் என்று அவர்கள் முன்பே சொன்னார்களே. சொல்லாதது எதுவோ அதைப் பற்றித்தான் அச்சம்.

பதினோராம் மாதம், ஒரு முற்பகல். அம்முவுக்கு எதிரே வழக்கம்போல் படுத்துத் தாளத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன். துண்டு இல்லை. அவள் இரு உள்ளங்கைகளையும் தரையில் வைத்தாள். முழங்கை நிமிர்ந்தது. நெஞ்சு தரையை விட்டு எழுந்தது. வலக்கால் மடங்கி வயிற்றுக்கடியில் வந்தது. இடக்கால் நீண்டே இருந்தது. தலை உயர்ந்து என் முகத்தைப் பார்த்து, தாளத்தின் பக்கம் திரும்பி, மறுபடி என்னைப் பார்த்து அசைந்தது. நூல்கள் சொன்னபடியே. ஆறு மாதம் பிந்தி.

"செல்வி" என்று கூப்பிட்டேன். மாவுக்கையோடு வந்து நிலையருகே நின்றாள். எழ முயன்றேன்.

"எழுந்திரிக்காதீங்க மாமா" என்றாள் மெதுவாக. "நீங்க எழுந்தா அவளும் தலயக் கீழ போட்டுடுவா."

அப்படியே கிடந்தேன்.

அம்மு ஒன்றேமுக்கால் வயதில் நடந்தாள். மருத்துவர் சொன்ன பேசுகிற வயதும் வந்தது. அம்மா என்றாள், பால் என்றாள், காக்கா என்றாள். எல்லாம் ஒற்றைச் சொல். எதிர்வீட்டுக் குழந்தை கதையே பேசியது. அந்த வீட்டு வாசலில் அதன் குரல் கேட்டால் நான் உள்ளே எழுந்து போய்விடுவேன். செல்வி எங்கும் எழுந்து போகவில்லை, இருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

இரண்டரை வயதுப் பரிசோதனைக்குச் சிதம்பரம் போனோம். அதே மருத்துவர். மேசைமேல் மரக்கட்டைகளை வைத்தார். அம்மு ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து அடுக்கினாள், ஆறாவது சரிந்தது. மூக்கைக் காட்டு என்றார், காட்டினாள். காதைக் காட்டச் சொன்னார், மூக்கையே காட்டினாள். அவர் எழுதிக்கொண்டார். அந்தப் பேனா என்ன எழுதினாலும் எனக்கு அச்சம்தான்.

"ரெண்டு வார்த்த சேத்துப் பேசறாளா?" என்று கேட்டார்.

செல்வி அம்முவைப் பார்த்தாள். "இல்ல டாக்டர். ஒத்த ஒத்த வார்த்தயாதான் வருது" என்றாள்.

மருத்துவர் தலையை அசைத்தார். கோப்பில் அந்த இடத்துக்கு நேரே பேனா போயிற்று. நான் சுவரோரம் நின்று தரையைப் பார்த்தேன். முப்பத்தெட்டு நாளும் அந்தத் தரையில் கிடந்தன.

அம்முவுக்குக் கட்டைகள் சலித்துவிட்டன போலும். நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கினாள். அறையின் நடுவே வந்து, ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு, தரையில் குப்புறப் படுத்தாள். இரு கைகளையும் ஊன்றித் தலையை நிமிர்த்தி, எதிரே வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்தாள். நான் அசையவில்லை. மேசைக்குப் பின்னால் பேனா நின்றிருந்தது. அவள் உள்ளங்கையால் தரையை ஒருமுறை தட்டினாள்.

"தாத்தா, படு."

நான் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, முழங்காலை ஊன்றி, அவள் எதிரே குப்புறப் படுத்தேன்.